வீட்டில் ஆள் இல்லை என்பது ஒரு காரணம் ஆகாது

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவை நான் நிறையப் பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். சொந்தக்காரர்களுக்கு, வீடு வாடகைக்குக் கேட்டுப் போன இடத்தில் ஒரு வீட்டுக்காரருக்கு, ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஓய்வுபெற்ற தாசில்தாருக்கு. அதில் சொல்லியிருப்பது இதுதான்: மனநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் சமூகத்துக்குள் வாழவும், அதில் ஒருவராக இருக்கவும், அதிலிருந்து பிரித்து வைக்கப்படாமல் இருக்கவும் உரிமை உண்டு. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்றுக்கொள்ளவில்லை, தங்க இடமில்லை, வெளியே வசதிகள் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலோ காப்பகத்திலோ தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது.

கேட்ட எல்லோரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள். "நல்ல சட்டம்தான். ஆனா யாரு பாத்துக்குவா?"

நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வருவது கேள்வியின் மேல் இல்லை, அதற்கு நாம் இத்தனை காலம் வைத்திருக்கும் பதிலின் மேல்தான். மனநோயோடு வாழும் ஒருவருக்கு ஊருக்குள் கிடைக்கிற உதவி எது என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் அது அம்மா. அம்மா போய்விட்டால் அக்காவோ அண்ணியோ. அவர்களுக்கும் முடியவில்லை என்றால் "ஹோம்". இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. அந்த நடு இடத்தைக் கட்டிக் கொடுப்பது அரசின் கடமை என்று இந்தச் சட்டம் சொல்கிறது. நாமோ அதை இன்னும் குடும்பங்களின் பாசத்தைப் பற்றிய விஷயமாகவே பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் அப்பாவின் கடைசித் தங்கைக்கு இருபத்து மூன்று வயதில் மனச்சிதைவு என்று சொன்னார்கள். அதற்கு முன்பே, மனநோய் தீரும் என்று நம்பிப் பலரும் போய்த் தங்கும் குணசீலம் பெருமாள் கோவிலில் 48 நாள் தங்கியிருந்துவிட்டு வந்திருந்தார்கள், அப்பத்தாவும் அத்தையும். அப்புறம் மாத்திரை. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு அத்தைக்கு எல்லாமே அப்பத்தாதான். மாத்திரை எடுத்துக் கொடுப்பதை மட்டும் சொல்லவில்லை. அத்தை தூங்காத ராத்திரிகளில் திண்ணையில் கூடவே உட்கார்ந்திருப்பார். அத்தையை விட்டுவிட்டு வரச் சொல்லிப் பத்திரிகை வைத்த வீடுகளுக்கு, சண்டை போட்டாவது அத்தையையும் கூட்டிக்கொண்டுதான் போவார். மனநல டாக்டர் ஓ.பி. பார்ப்பது வாரத்தில் ஒரு நாள். அதற்கு முதல் பஸ்ஸைப் பிடித்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கித் திரும்ப மதியம் தாண்டிவிடும். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு அது ஒரு நாள் சம்பளம். நோயாளி வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் அந்த மாத மருந்து போச்சு.

அத்தை முல்லைப்பூ கட்டுவார். இரண்டிரண்டு மொட்டாக எதிரெதிரே வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சைக் கட்டைவிரலால் இழுத்து இறுக்குவார். மனச்சிதைவுக்கான சில மருந்துகளால் கை நடுங்கும், விரல்கள் விறைக்கும். அதைச் சரிக்கட்ட ட்ரைஹெக்ஸிபெனிடில் என்று இன்னொரு மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள். அது ஸ்டாக் இல்லாத மாதங்களில் அத்தையின் முடிச்சு இறுகாது. சரத்தைத் தூக்கினால் பூ கழன்று கழன்று விழும். டாக்டர் கவனிப்பதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே அப்பத்தா அந்தச் சரத்தைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார்: "இவளுக்கு மருந்து சரியில்ல." இப்படிப்பட்ட கவனிப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அதற்குச் சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, அப்பத்தாவுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆளும் இல்லை.

அப்பத்தா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. "ஏதாவது நல்ல ஹோமாப் பாத்து விட்டுருவோம். மாசாமாசம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்குவோம்." சொன்ன யாரும் கெட்டவர்கள் இல்லை. பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மூட்டுவலி, எனக்கு வேலை வெளியூரில். அத்தை உள்ளறையில்தான் இருந்தார், கதவு திறந்தே இருந்தது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"ஹோம்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் இருந்த மற்ற காப்பகங்களும் மூடப்பட்டன. சங்கிலியைப் பற்றி நாடு முழுவதும் பேசினார்கள், பேசவேண்டியதுதான். இன்றைய சட்டத்தின் 95ஆம் பிரிவு மனநோய் உள்ள யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை செய்கிறது. ஆனால் அந்த 28 பேர் எதனால் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பற்றி அந்த அளவு பேச்சு இல்லை. ஏர்வாடியில் இருக்கும் தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கை ஒரு காரணம். ஊரில் மருந்து கிடையாது, உதவிக்கு ஆள் கிடையாது, வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்ந்துபோய்விட்டார் என்பது அதைவிடப் பெரிய காரணம். பிறகு அரசு அங்கே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி ஒரு மனநல கிளினிக் வைத்தது. நல்ல காரியம். குடும்பங்கள் நம்பிப் போகிற இடத்துக்கே டாக்டரை அனுப்பியது யோசித்துச் செய்த வேலை.

22 வருஷம் கழித்து, 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்துவந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் நடவடிக்கை உண்டு, சீல் வைப்பது உண்டு. மீட்கப்பட்டவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்று கேட்டால், மறுபடி ஒரு மருத்துவமனை, மறுபடி ஒரு காப்பகம்.

அரசு மருத்துவமனைகளிலும் இதே கதைதான். 2019ல் 24 மாநிலங்களில் உள்ள 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பற்றி வெளியான ஓர் ஆய்வு, உள்ளே தங்கியிருந்தவர்களில் 36 சதவீதம் பேர் ஒரு வருஷத்துக்கும் மேலாக அங்கேயே இருக்கிறார்கள் என்று கண்டது. நோய் கட்டுக்குள் வந்த பிறகும் போவதற்கு இடம் இல்லாமல் வார்டிலேயே தங்கிவிடுகிறவர்கள் இதில் நிறைய. வழக்கறிஞர் கௌரவ் குமார் பன்சால் போட்ட பொதுநல வழக்கில் 2017ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்துப் பேசியது: குணமானவர்களுக்கு மறுவாழ்வு இல்லங்கள் வேண்டும், மாநிலங்கள் செய்துகாட்ட வேண்டும். சில வருஷம் கழித்து மகாராஷ்டிரத்தில் என்ன நடந்தது தெரியுமா? மனநல மருத்துவமனையில் இருந்தவர்களைப் பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதை உடனே நிறுத்தச் சொல்லி 2021ல் அதே வழக்கில் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. படுக்கை காலியானால் உத்தரவை நிறைவேற்றியாகிவிட்டது என்று ஒரு நிர்வாகம் நினைத்திருக்கிறது.

சட்டத்தில் ஓட்டை இல்லையா என்றால், இருக்கிறது. 19ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, மருத்துவமனையில் இருக்க அவசியம் இல்லாதவர்களுக்காக இடைநிலை இல்லங்கள் (மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் கொஞ்ச காலம் தங்கும் இடம்), குழு இல்லங்கள் (சிலர் சேர்ந்து உதவியோடு குடியிருக்கும் வீடு) போன்றவற்றை அரசு ஏற்படுத்த வேண்டும், அல்லது ஏற்படுத்துகிறவர்களுக்கு ஆதரவு தர வேண்டும் என்கிறது. எப்போதைக்குள்? நியாயமான காலத்துக்குள். தேதி கிடையாது. சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவும் சமூகத்தில் வாழும் உரிமையைக் கொடுக்கிறது, அதுவும் எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்கும். குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் இருந்தாக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டுக்கு வந்து உதவும் ஆள் உட்பட பலவகைச் சேவைகள் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் அரசு அதற்கு "முயல வேண்டும்" என்பதோடு நின்றுவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவிலிருந்து வந்த உரிமை இது. அங்கே உறுதியாக இருந்தது இங்கே வரும்போது இளகிவிட்டது.

காலக்கெடு இல்லாத உரிமையை என்ன செய்ய முடியும் என்று யோசிக்கும்போது அமெரிக்காவின் ஓல்ம்ஸ்டெட் வழக்கைப் படித்தேன். ஜார்ஜியா மாநிலத்தில் லோயிஸ் கர்ட்டிஸ், இலெய்ன் வில்சன் என்று இரண்டு பெண்கள். இருவருக்கும் அறிவுசார் குறைபாடும் மனநோயும் உண்டு. அட்லாண்டாவில் அரசு மருத்துவமனையில் இருந்தார்கள். வெளியே போய் வாழலாம் என்று அங்கே சிகிச்சை கொடுத்தவர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் வெளியே இடம் ஒதுக்கவில்லை என்பதால் உள்ளேயே இருந்தார்கள். லோயிஸ் கர்ட்டிஸ் இலவசச் சட்ட உதவி மையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, என்னை வெளியே கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கிறார். சூ ஜேமிசன் என்ற வழக்கறிஞர் 1995ல் வழக்குப் போட்டார். 1999 ஜூன் 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: தேவையில்லாமல் ஒருவரை நிறுவனத்துக்குள் வைத்திருப்பதே பாகுபாடு.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. மாநிலத்துக்கும் பணக் கஷ்டம் உண்டு, ஒரே நாளில் எல்லோரையும் வெளியே அனுப்ப முடியாது என்பதை நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனால் அப்படிச் சொல்கிற மாநிலம் ஒரு திட்டத்தைக் காட்ட வேண்டும், அது உண்மையாகவே நடைமுறையில் இருக்க வேண்டும், காத்திருப்போர் பட்டியல் இருந்தால் அது நியாயமான வேகத்தில் நகர வேண்டும் என்றது. அங்கேயும் தேதி இல்லைதான். ஆனால் நகர்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கலாம், நகரவில்லை என்றால் வழக்குப் போடலாம். அமெரிக்காவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. பல மாநிலங்களில் வீட்டிலேயே சேவை பெறுவதற்கான பட்டியல்கள் இன்றும் நீளமாகத்தான் இருக்கின்றன. நம்மிடம் அந்தப் பட்டியலே இல்லை. எங்கள் மாவட்டத்தில் ஒரு குழு இல்லத்துக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று யாரிடம் கேட்டாலும் எண் கிடைக்காது. பெயர் எழுதிவைக்க ஒரு நோட்டுகூடக் கிடையாது. லோயிஸ் கர்ட்டிஸ் வெளியே வந்து ஓவியர் ஆனார், 2011ல் வெள்ளை மாளிகைக்குப் போய் ஒபாமாவிடம் தன் ஓவியத்தைக் கொடுத்தார். 2022ல் இறந்தார், தனக்கென்று ஒரு வீட்டில் வாழ்ந்துவிட்டு.

நம் ஊரில் இது நடக்காது என்பவர்களுக்கு நான் காட்டுவது சென்னையை. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு பேர் 1993ல் தொடங்கிய பேன்யன் அமைப்பு, தெருவில் மனநோயோடு அலைந்த பெண்களை மீட்டுச் சிகிச்சை கொடுத்துவந்தது. பலர் குணமாகிக் குடும்பத்துக்குத் திரும்பினார்கள். திரும்ப முடியாதவர்கள் காப்பகத்திலேயே வருஷக்கணக்காக இருந்தார்கள். அவர்களுக்காக 2015ல் 'ஹோம் அகெய்ன்' என்று ஒரு முறையைத் தொடங்கினார்கள். சாதாரண தெருவில், சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து குடித்தனம். யாருக்கு எவ்வளவு உதவி தேவையோ அவ்வளவுக்கு ஒரு பணியாளர். என்ன சமைப்பது, எந்தக் கடையில் வாங்குவது, யார் வேலைக்குப் போவது என்பதெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் முடிவு. உலக சுகாதார அமைப்பு 2021ல் சமூக மனநலச் சேவைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் உலகம் முழுவதிலிருந்தும் எடுத்துக்காட்டிய முன்மாதிரிகளில் இதுவும் ஒன்று. புதுக்கோட்டைப் பக்கம் ஸ்கார்ஃப் என்ற சென்னை மனநல அமைப்பு ஒரு பஸ்ஸையே கிளினிக்காக்கி, வீடியோவில் சென்னை டாக்டர் பார்க்க, மருந்தைக் கிராமத்திலேயே கொடுத்தது. இவையெல்லாம் தமிழ்நாட்டில் நடந்தவை. அறிவு நம்மிடம் இருக்கிறது, பழகிய ஆட்களும் இருக்கிறார்கள். இதை ஒரு தொண்டு நிறுவனத்தின் நல்ல மனதுக்கு விட்டுவைத்திருப்பதுதான் எனக்கு ஆற்றவில்லை.

எங்கள் தெருவில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம். அந்த அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து பெரியப்பாவுக்கு பிபி பார்த்துவிட்டு, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவார். அதே வீட்டில் அத்தையின் மாத்திரைக்கு மட்டும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அத்தையை நாங்கள் ஹோமில் விடவில்லை. பேச்சு முடிவுக்கு வரும் நேரத்தில் அம்மாதான் எழுந்துபோய் அத்தையிடமே கேட்டார். "நான் இந்த ஊர்லதான் இருப்பேன்" என்றார் அத்தை. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பத்தா இருந்த வீட்டைப் பங்கு பிரிக்க வேண்டியிருந்ததால் இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீடு தேடினோம். ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்ட பிறகு விஷயம் தெரிந்து திருப்பிக் கொடுத்துவிட்டார், "பக்கத்துல பொம்பளப் புள்ளைங்க இருக்கு" என்று சொல்லி. பொம்பளப் பிள்ளைகளுக்கு அத்தையால் என்ன ஆகிவிடும் என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை, ஆனால் முடிவையும் மாற்றவில்லை. கடைசியில் ரிட்டயர்டு நர்ஸ் ஒருவர் தன் கீழ்வீட்டைக் கொடுத்தார். அத்தையோடு இன்னொரு பெண்ணும் சேர்ந்து குடியிருக்கிறார். அதே ஓ.பி. வரிசையில் வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகியவர், அவருடைய அம்மாவும் போய்விட்டார். சமையலுக்கும் மாத்திரைக்கும் துணைக்கும் ஓர் அக்கா காலையிலும் சாயங்காலமும் வருகிறார். அவருக்குச் சம்பளம் இரண்டு குடும்பமும் பாதிப் பாதி.

இது எங்களால் முடிந்தது, ஏனென்றால் எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. பெரும்பாலான அரசு உதவிகளுக்கு 40 சதவீதம் ஊனம் என்று சான்று வேண்டும். அத்தைக்கு நல்ல நாட்கள் உண்டு, கெட்ட நாட்கள் உண்டு. மதிப்பீட்டுக்குப் போன நாள் நல்ல நாளாக அமைந்தால் அந்த வருஷம் சான்று கஷ்டம்தான். மாநில அரசு கடும் பாதிப்பு உள்ளவர்களில் சில பிரிவினருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கொடுக்கிறது. வேண்டிய பணம்தான், ஆனால் அதை வைத்து ஓர் உதவியாளரை அமர்த்த முடியாது. உதவியாளர் என்கிற வேலையையே அரசு ஏற்று, ஆளைப் பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு அமர்த்தினால்தான் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 5ஆம் பிரிவில் எழுதியிருப்பது வீட்டு வாசலுக்கு வரும்.

குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பிய யாரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம். சிகிச்சை முடிவுகளில் கூட இருந்து உதவ, உரிமை மீறப்பட்டால், இந்தச் சட்டத்தின்கீழ் புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தில் மனுப்போட அவருக்கு அதிகாரம் உண்டு. பத்திரம் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். பிரதிநிதி சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாரியத்துக்கு மனுக் கொடுக்கக் கட்டணமும் கிடையாது.

இதை அத்தையிடம் விளக்கியபோது என் பெயரைத்தான் எழுதுவார் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அத்தை ஒரு வாரம் யோசித்தார். பிறகு மாடிவீட்டு நர்ஸ் அம்மாவின் பெயரை எழுதினார். "நீ வெளியூர்ல இருக்க. இவங்க கூப்பிட்டா வருவாங்க." பெரியப்பாவுக்கு வருத்தம், ரத்த சொந்தம் இருக்கும்போது வெளியாளா என்று. எனக்கு அது அவ்வளவு தெளிவான முடிவாகத் தெரிந்தது. முப்பது வருஷம் எல்லோரும் அத்தைக்காக முடிவெடுத்தோம். அவர் எடுத்த முடிவு எங்களுடையதைவிட நடைமுறைக்கு ஒத்ததாக இருந்தது.

ஓ.பி. வரிசையில் பழகிய இன்னும் சில குடும்பங்களோடு சேர்ந்து, திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் ஒரு மனுக் கொடுத்திருக்கிறோம். மூன்றே விஷயம் கேட்டிருக்கிறோம். மாவட்டத்தில் குழு இல்லம் தேவைப்படுகிறவர்களின் பட்டியல் ஒன்று எடுக்க வேண்டும், அதை ஒவ்வொரு வருஷமும் வெளியிட வேண்டும். மனநோய்க்கான மாத்திரைகளும் சர்க்கரை மாத்திரை வருகிற அதே பையில் வீட்டுக்கு வர வேண்டும். காலியாகக் கிடக்கும் அரசுக் குடியிருப்புகளில் இரண்டு வீடுகளை முதல் குழு இல்லங்களாக ஒதுக்க வேண்டும், தெருவுக்கு நடுவில், ஊருக்கு வெளியே அல்ல. மனுவில் முதல் கையெழுத்து அத்தையுடையது.